கேட்கத் தெரியாதவரின் பந்தயங்கள்

என் வீட்டுக்காரர் என்னோடு பேசிய முதல் பேச்சே ஒரு பந்தயம்தான்.

கல்யாணமாகி பெங்களூர் ஜீவனஹள்ளிக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நான் பிறந்து வளர்ந்தது அதே ஊரில் ஒக்கலிபுரத்தில். அங்கே ஐந்தாவது வரைக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடம், அப்புறம் வீட்டில் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டுவது. வேற்று ஆண்பிள்ளை எதிரே வந்தால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்கிற சுபாவம் எனக்கு. கட்டினவரும் அப்போது எனக்கு வேற்று ஆண்பிள்ளைதானே. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவேன். அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் வெளியே வருவேன். அவரும் ஒன்றும் சொல்லமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு வேளையில் மொட்டை மாடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"இந்தா, மேல நாலு புறா சுத்தினு இருக்குது. வெள்ளை மொதல்ல எறங்குச்சுன்னா நீ என்கூட ஒக்காந்து சாப்புடணும். வேற எது எறங்கினாலும் உன் இஷ்டம்."

வெள்ளைதான் முதலில் இறங்கியது. நான் உட்கார்ந்தேன். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டேன். அந்த வெள்ளை எப்போதுமே முதலில்தான் இறங்கும், மேலே போனவற்றைக் கீழே கூட்டிவருவதற்கென்றே அதை வளர்க்கிறார் என்பது எனக்குத் தெரியவர வெகுநாள் ஆயிற்று. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "தோக்குற பந்தயத்தை எவனாவது பொண்டாட்டிகிட்ட வெப்பானா?" என்றார்.

அவருக்கு எதையும் நேராகக் கேட்க வராது. பஸ் பாடி கட்டுகிற ஷெட்டில் பெயிண்ட் அடிக்கும் வேலை. மேஸ்திரியிடம் லீவு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டதில்லை. மத்தியானத்துக்குள் மழை வருமா வராதா என்று அந்த ஆளோடு பந்தயம் கட்டுவார். வந்தால் லீவு. வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் போய் வேலை செய்து கொடுத்துவிட்டு வருவார். வீட்டில் ஒரு டீ வேண்டுமென்றாலும் அப்படித்தான். தெருவில் அடுத்து வரப்போவது ஸ்கூட்டரா சைக்கிளா என்பார். நான் தோற்றால் டீ. நான் ஜெயித்தாலும் பாவம் என்று போட்டுக்கொண்டு போய்க் கொடுப்பேன். அது மட்டும் அவருக்குப் பிடிக்காது. நீதானே ஜெயித்தாய், எதற்குக் கொடுக்கிறாய் என்று தள்ளி வைத்துவிடுவார். டீ ஆறி ஆடை படியும்.

சின்ன வயதில் அவர் சித்தி வீட்டில் வளர்ந்தவர். அங்கே இன்னும் கொஞ்சம் சோறு என்று கேட்டு, இல்லை என்ற சொல்லைப் பலதடவை கேட்டிருப்பார் போலிருக்கிறது. இது நானாக நினைத்துக்கொண்டது, அவர் சொன்னதில்லை. கேட்டு இல்லை என்றால் முகம் விழுந்துபோகும். பந்தயத்தில் தோற்றால் அப்படியில்லை. அது மழையின் தப்பு, சைக்கிளின் தப்பு, புறாவின் தப்பு. யாரும் யாரையும் பார்த்து இல்லை என்று சொல்லவில்லை.

புறாப் பந்தயம் பார்த்திராதவர்களுக்குச் சொல்லவேண்டும். கோடைக்காலத்தில் எங்கள் தெருக்களில் நடக்கும். விடிகிற நேரத்தில் புறாவின் இறக்கையில் முத்திரை குத்தி மேலே விடுவார்கள். எதிராளி பக்கத்து மனிதர் ஒருவர் அம்பயராக நம் மாடியிலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். புறா தூரமாக எங்கும் போகக் கூடாது. வீட்டுக்கு மேலேயே எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் போகலாம். மணிக்கு ஒரு தடவையாவது அது கண்ணில் பட்டாகவேண்டும், படாவிட்டால் தோல்வி. பொழுது சாய்ந்து விளக்கு வைப்பதற்குள் தன் கூண்டுக்கு வந்து இறங்கவேண்டும். யாருடைய புறா அதிக நேரம் மேலே நின்றதோ அவருக்கு ஜெயம். ஆட்டம் இவ்வளவுதான். ஆனால் நன்றாகப் பறக்கிற புறா வெயில் ஏற ஏறக் கடுகளவு ஆகும், அப்புறம் அந்தக் கடுகில் பாதி ஆகும். பெரிய பெரிய ஆண்பிள்ளைகள் எல்லாம் பாயில் மல்லாந்து படுத்து அந்தப் பாதிக் கடுகைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஒருநாள் காயப்போட்ட துணியை எடுக்க மேலே போனேன். மாடி நிறைய ஆட்கள். புறாவைக் காணவில்லை என்று எல்லோரும் தவித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, கொஞ்சம் கிழக்கே தள்ளி, ஊசி முனை மாதிரி ஒன்று நகர்ந்தது. அத்தனை ஆண்களுக்கு நடுவில் எனக்கு வாய் வரவில்லை. அவர் சட்டையைப் பின்பக்கமாகப் பிடித்து இழுத்து, கையை மட்டும் நீட்டினேன்.

அன்றிலிருந்து பந்தய நாளில் தொட்டி நிழலில் எனக்கென்று ஒரு பாய் விழுந்தது. அவருடைய கூட்டாளிகள் கேலி செய்தார்கள். "குரு, நீ கட்டினு வந்தது பொண்டாட்டியா, பைனாகுலரா?" என்பார்கள். அவர் வாய்க்குள் சிரித்துக்கொள்வார். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மேலே பார்ப்பேன். மேலே பார்க்கிறவளை யாரும் பேசச் சொல்லமாட்டார்கள். அவரும் பக்கத்தில் படுத்து மேலேதான் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் பேசுவது எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது என்று சொல்லித் தீராது. எங்கள் அப்பா செத்தபோது அழாததை, முதல் குழந்தை தங்காமல் போனதை, எல்லாவற்றையும் அந்தப் பாயில் மல்லாந்தபடிதான் அவரிடம் சொன்னேன். அவர் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருப்பார். நடுநடுவே, "தெரியுதா?" என்பார். "தெரியுதுங்க" என்பேன். திரும்பவும் விட்ட இடத்திலிருந்து சொல்வேன்.

பொய் எழுதக் கூடாது. புறாவோடு அது நிற்கவில்லை. புறாமேல் பணம் வைப்பார்கள். சுவர்க்கடிகாரம் போயிற்று, என் வெள்ளிக் கொலுசு போயிற்று, மகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில் அக்கம்பக்கத்தில் கையேந்தி நின்றேன். புறாவுக்குப் பாதாமை அரைத்து நெய்யில் உருட்டிக் கொடுப்பார். என் பிள்ளைப்பேற்றுக்கு ஒரு பாதாம் கண்ணில் பார்த்ததில்லை. அழுதிருக்கிறேன், பேசாமல் இருந்திருக்கிறேன். இருந்தும் அடுத்த கோடையில் அவர் பாயை விரித்தால் போய் உட்கார்ந்துவிடுவேன்.

ஏன் மனிதர்கள் இப்படிச் சூதாடுகிறார்கள் என்று மகள் பலதடவை கோபமாகக் கேட்டிருக்கிறாள். பணத்தாசை என்று அவளே பதிலும் சொல்லிக்கொள்வாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜெயித்த அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் பெரிதாக இருக்காது, சீக்கிரம் படுத்துக்கொள்வார். புறா மேலே இருக்கிறபோதுதான் அந்த முகம். அதுவரைக்கும் எதுவும் முடிவாகவில்லை. நாம் ஏழை என்பதுகூட அதுவரைக்கும் முடிவாகவில்லை. எல்லோருக்கும் வாழ்க்கையில் எதெதுவோ முன்னமே முடிவாகிக் கிடக்கிறது. ஒரு நாள் பொழுதாவது அது மேலே நின்று சுற்றிக்கொண்டிருந்தால் நன்றாயிருக்கிறது.

வயதானதும் சர்க்கரை நோய் அவர் கண்ணைத் தின்றுவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் நிழலாகத் தெரியும், அவ்வளவுதான். அப்போதும் புறாக்களை விடவில்லை. கையால் தடவியே எது எது என்று சொல்வார். பந்தய நாளில் நான் புறா இருக்கிற பக்கம் கையை நீட்டுவேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, என் கை போகிற திசையில் முகத்தைத் திருப்புவார். ஆள் நடுவில் கையைப் பிடித்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும். விடுங்கள் என்று சொன்னதில்லை.

பிறகு ஒருநாள் இரும்புப் படியில் கால் தவறி விழுந்தார். தோள்பட்டை முறிந்தது. ஊருக்குத் தெற்கே அடுகோடியில் இருக்கும் எங்கள் மகள் ஓடிவந்தாள். ஆபீஸ் வேலை, அடுக்கு வீட்டில் குடித்தனம், லிஃப்ட் எல்லாம் உண்டு. இருவரும் தன்னோடு வந்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. வரமாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாயில்லை. இங்கேயே இருக்கிறேன் என்று கேட்கவும் வாயில்லை. கொஞ்ச நேரம் தோளைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, மகளிடமும் அதையே செய்தார்.

"சாம்பல் பெட்டையை விடுறேன். வெளக்கு வெக்கிற வரைக்கும் நின்னு எறங்குச்சுன்னா, நீ அடுகோடி பேச்சே எடுக்கக் கூடாது. இல்லன்னா அடுத்த வாரமே கெளம்பிடுறோம். புறாவெல்லாம் குடுத்துடுறேன்."

மகள் அந்த மாடியில் வளர்ந்தவள். "சரிப்பா. அம்பயர் நான் சொல்ற ஆளு" என்றாள். நான் அடுப்படி வாசலில் நின்றிருந்தேன். என்னை இருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இங்கேயே இருக்கலாம் என்று சொல்லியிருப்பேனா என்பதும் தெரியவில்லை. மனசு முழுக்க அதுதான் இருந்தது.

அம்பயராக வந்தவர் ஒக்கலிபுரத்துக் கிழவர். ஆயுள் முழுக்க என் வீட்டுக்காரருக்கு எதிராகவே புறா விட்டவர். நான் அவர் தெருக்காரி என்பதால் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். மகள் இட்லி கட்டிக்கொண்டு வந்து காலையிலேயே குடைக்குள் உட்கார்ந்துவிட்டாள். சாம்பல் பெட்டை எழும்பியது. சித்திரை வெயில். பொழுது ஏற ஏற அது நேராக உச்சிக்குப் போய் நின்றுகொண்டது. அந்த மாதிரி அது ஒருநாளும் பறந்ததில்லை. நான் கையை நீட்டியபடியே இருந்தேன், அவர் மணிக்கட்டை விடவேயில்லை. மத்தியானம் அம்பயர் கிழவர்கூட, இந்தப் பெட்டை இன்றைக்கு இறங்கப்போவதில்லை, நாம்தான் சாப்பிட இறங்கவேண்டும் என்றார். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். தோற்றால் தோற்றுக்கொள்கிறேன் என்பது மாதிரி இருந்தது அந்தச் சிரிப்பு.

சாயங்காலம் நெருங்கும்போது மேற்கிலிருந்து மேகம் ஏறியது. பெங்களூர் கோடையில் அது வழக்கம்தான். வானம் சட்டென்று அழுக்குத் துணி மாதிரி ஆயிற்று. கடைசியாகப் பார்த்த இடத்தில் புறா இல்லை. எட்டத்தில் கட்டிக்கொண்டிருந்த அடுக்கு மாடியும் அதன் மேலே கிரேனும்தான் தெரிந்தன. புறா கண்ணில் படவேண்டிய மணி முடிந்துகொண்டிருந்தது. கிழவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் மணிக்கட்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்து விரலை நீட்டினார்.

"அதோ. தெரியுது, தெரியுது. இருக்குது" என்றார்.

அவர் விரல் காட்டிய இடத்தில் மேகம்தான் இருந்தது. மகளும் அங்கே பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டாள். அது போதும். அம்பயர் சொல்லிவிட்டார், மகள் ஒத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் மட்டும் கிழவர் பக்கம் திரும்பவேயில்லை. என் பக்கம் திரும்பினார்.

"தெரியுதா?"

எத்தனையோ கோடை கேட்ட கேள்வி. ஆம் என்றால் பாய் இருக்கும், தொட்டி நிழல் இருக்கும், மணிக்கட்டைப் பிடிக்கிற கை இருக்கும். வாயில் அந்தச் சொல் வந்தும்விட்டது.

"இல்லீங்க" என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். "சரி, முடிஞ்சுது" என்றார்.

கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது. "யோவ், அம்பயர் நானா, உன் பொண்டாட்டியா? நான் பாத்தேன்னு சொல்றேன்."

"நீ பாத்திருப்ப. அவ பாக்கல."

மகள் குடையை மடித்துப் போட்டுவிட்டு அவர் காலடியில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, விடுங்கப்பா. நீங்க இங்கியே இருங்க. நான் படிக்குக் கைப்புடி போட்டுத் தரேன், வீட்டுக்கு ஒரு ஆளை வெக்கிறேன். புறா இருக்கட்டும்."

"நீ ஜெயிச்சுட்ட கண்ணு. எடுத்துக்க."

"எனக்கு வேணாம்பா."

"அது உன் இஷ்டம் இல்ல. பந்தயம் பந்தயந்தான்."

எவ்வளவு சொல்லியும் அவர் அசையவில்லை. தன் கையிலிருந்ததைப் பந்தயத்தில் வைத்துத் தோற்றார். அதையே மகள் தானமாகத் திருப்பிக் கொடுத்தாள். வாங்கிக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை. அந்த டீ மாதிரி அதையும் ஆறிப்போகவிட்டு எழுந்துகொண்டார்.

அன்றைக்கு நான் ஏன் உண்மையைச் சொன்னேன் என்று மகள் பிறகு ஒருமுறை கேட்டாள். அவரிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை என்றேன். அது பாதிதான். என் வாய் இல்லை என்றபோது, மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. மகள் இளகிவிட்டாள், எனக்குத் தெரிந்துவிட்டது. நான் நிஜத்தைச் சொன்னாலும் அவள் எங்களை இங்கேயே விட்டுவிடுவாள். அப்போது இவரும் என் பக்கம் திரும்பி, உனக்கு என்ன வேண்டும், இருக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்பார். அப்படிக் கேட்பார் என்பதன்மேல் எல்லாவற்றையும் வைத்துவிட்டேன். எனக்கு இங்கேயே இருக்கவேண்டும் என்று நானாகச் சொல்லியிருக்கலாம். மூன்றே சொல். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, அவர் கேட்பாரா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். மகளைப் பற்றி நினைத்தது பலித்தது. அவரைப் பற்றி நினைத்தது பலிக்கவில்லை.

சாம்பல் பெட்டை மறுநாள் காலையில் வந்தது. இறக்கையில் முத்திரை கலைந்திருந்தது, உடம்பு பாதியாக இருந்தது. அவர் அதைக் கையில் வாங்கித் தண்ணீர் காட்டினார், மார்பெலும்பைத் தடவிப் பார்த்தார். அந்த வாரக் கடைசியில் ஒக்கலிபுரத்துக் கிழவர் வந்து கூண்டோடு எல்லாவற்றையும் எடுத்துப்போனார். என் முகத்தைப் பார்க்காமல், "வரேன் தங்கச்சி" என்றார்.

அடுகோடியில் அவர் இரண்டு மழைக்காலம் இருந்தார். மகள் ராணி மாதிரி வைத்திருந்தாள் என்னை. அவரையும் குறையில்லாமல் பார்த்துக்கொண்டாள். சோபாவில் எதிரெதிரே உட்காருவோம். டி.வி. ஓடும். எனக்கு அவரிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. எதிரே முகம் இருந்ததால் சொல்ல வரவில்லை. அவர் கண்ணுக்கு நான் தெரியமாட்டேன் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் வரவில்லை. லிஃப்ட் கதவு திறந்தால் வருவது ஆணா பெண்ணா என்று பந்தயம் கட்டிப் பார்த்தார். காலடிச் சத்தத்தில் அவருக்கே பதில் தெரிந்துவிடும். அதில் சுவாரசியம் இல்லாமல் விட்டுவிட்டார். ஒருநாள் காலையில் எழுந்திருக்கவில்லை.

அவர் போன பிறகு எனக்கு ஒரே ஆசை. அந்த மாடிக்கு ஒருதடவை போய், தொட்டி ஓரத்தில் கொஞ்ச நேரம் மல்லாந்து படுத்திருக்கவேண்டும். ஜீவனஹள்ளி வீட்டில் இப்போது வேறு குடித்தனம். நல்ல மாதிரிதான் என்று கேள்வி. மகளிடம் ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே கூட்டிப்போவாள். எனக்குத் தெரியும். அவள் இல்லை என்று சொன்னதே கிடையாது.

அவள் ஆபீஸிலிருந்து திரும்புகிற நேரத்தில் தினமும் பால்கனியில் போய் நிற்கிறேன். அவள் வருவதற்குள் தெருவில் தண்ணீர் டேங்கர் ஒன்று திரும்பினால் இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று வைத்துக்கொள்கிறேன். பல நாள் டேங்கர் வராது. நேற்று வந்தது. தண்ணீர் வழிய வழிய வந்து எங்கள் கேட்டுக்கு எதிரிலேயே நின்றது. ஒன்று வந்தால் போதாது, இரண்டு வரவேண்டும் என்று மாற்றிக்கொண்டேன். இரண்டாவது வருகிறதா என்று தெரு முனையையே பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் உள்ளே வந்துவிட்டாள். பையை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னாம்மா, யாரைப் பாத்துனு நிக்கிற?" என்றாள்.

யாரையும் இல்லை என்றேன்.